கென்னை நிறுத்தச் சொன்ன அழைப்பு

1. ஸ்பீடோக் கடை

மெல்பேர்ணில் நான் வேலைக்குப் போன முதல் நாள் முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்குப் பொய் சொல்ல வருமா?" என்பது.

"வராது" என்றேன்.

"நல்லது. நேரா உள்ள வா. இது உண்மை சொல்லுற கடை" என்றார்.

அவர் பேசியது இங்கிலீஷ். நான் எங்கள் தமிழில் தருகிறேன். அவருடைய பெயர் கென். றிச்மண்டில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது அவருடைய வேர்க்‌ஷொப். கார்களின் ஸ்பீடோமீற்றர், பெற்றோல் கேஜ், ரக்சி மீற்றர் எல்லாவற்றையும் கழற்றித் திருத்தி, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் தொழில். நான் கொழும்பில் பத்து வருஷம் இதே வேலை செய்தவன். சிவஞானசுந்தரம் என்ற என் பெயரைக் கேட்டுவிட்டு கென் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு "சிவ்" என்று வெட்டிவிட்டார். ஒரு ஸ்பீடோ கேபிளை அளந்து வெட்டுகிற மாதிரித்தான் வெட்டினார், ஆனபடியால் நானும் கோபிக்கவில்லை.

எங்கள் கடைக்குப் பெரிய வாடிக்கையாளர் பொலிஸ். நெடுஞ்சாலையில் மற்றவர்களைத் துரத்திப் பிடிக்கிற கார்களின் ஸ்பீடோ சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டில் வழக்கு நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கார்களை எங்கள் உருளைகளுக்கு மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்து, நான் எழுதி, கென் கையெழுத்து வைத்து, சான்றிதழ் கொடுப்போம். அதற்கு வருகிறவர் ஒரு சார்ஜன்ற். உயரமான ஆள், சிரிக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பார்.

கென்னுடைய மனைவி ஜோய்ஸ் கடிதங்கள் ரைப் பண்ணுவா, பில் போடுவா. நாலாவது ஆள் ஒஸ்வல்ட். மட்டக்களப்புப் பறங்கி. அந்த ஊர்ப் பறங்கியரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் ஒரு பழைய போர்த்துக்கீசப் பேச்சு, வெளியில் சுத்தமான மட்டக்களப்புத் தமிழ், கையில் எந்த இரும்பு கொடுத்தாலும் வேலை. திருத்திய கார்களை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது ஒஸ்வல்டின் பொறுப்பு. முதல் நாள் அவன் என்னைப் பார்த்து, "மச்சான், சாப்பிட்டியா?" என்று தமிழில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது இந்த நகரத்தில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம்.

என் மனைவியும் மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடுகிற பத்திரத்தில் "இவருக்கு என்னிடம் நிரந்தர வேலை உண்டு" என்று கென் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். அது எங்கேயோ ஒரு அலுவலகத்தில் முடிவுக்காகக் கிடந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

2. கடலுக்குக் கடல்

ஒருநாள் மத்தியான இடைவேளையில் கென் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். சிட்னிக் கடற்கரையில் ஒரு புள்ளி. பேர்த் கடற்கரையில் ஒரு புள்ளி. நடுவில் முழு நாடும்.

"ஒரு பக்கத்துக் கடலில இருந்து மற்றப் பக்கத்துக் கடலுக்கு. ஆர் முதல்?" என்றார்.

பந்தயம். ஆனால் அனுமதி கிடையாது, பரிசு கிடையாது, பத்திரிகையில் ஒரு வரி கிடையாது. பொது ரோட்டில், மற்றச் சனம் போகிற ரோட்டில் ஓடுவது. பதினைந்து கார்கள் வரை சேர்ந்திருந்தன. கராஜ்காரர், ஒரு பல் டொக்டர், இரண்டு பள்ளிக்கூட வாத்திமார். எல்லாரும் வரி கட்டுகிற மனிதர்கள். கள்ளன் காடையன் என்று ஒருவரும் இல்லை. "சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிறீங்கள்" என்று சொல்ல வாய் வந்தது. இங்கிலீஷில் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அவர்களுக்கென்று சில விதிகள் இருந்தன. ஊருக்குள் ஊர் வேகத்தில்தான் போக வேண்டும். ரோட்டில் யாராவது நின்றுபோனால், போட்டியாளரோ வழிப்போக்கரோ, நிறுத்தி உதவ வேண்டும். என்ன நடந்தாலும் ஒருவரை ஒருவர் பொலிஸுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

"உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கென்னைக் கேட்டேன்.

"முப்பது வருஷமா மற்றவன்ர ஸ்பீடோ முள்ளு எங்க நிக்குதெண்டு பாத்தன். ஒருக்கா என்ர முள்ளையும் பாப்பம்" என்றார்.

அந்த மறுமொழி எனக்குப் பிடித்தது. அதனால்தான் மறுக்காமல் உள்ளே இழுபட்டேன் என்று நினைக்கிறேன். கடைசியில் எங்கள் கடையில் இருந்தே இரண்டு கார். ஒன்றில் கென்னும் ஜோய்ஸும் மாறி மாறி ஓட்டுவது. மற்றதில் ஒஸ்வல்டும் ரக்சி ஓட்டுகிற அவனுடைய சிநேகிதன் ஒருவனும். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ரெலிபோன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த ரெலிபோன் விஷயத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். அந்நாளில் தூர இடத்திலிருந்து ஒருவர், "காசை அந்தப் பக்கம் கட்டட்டும்" என்று சொல்லி அழைக்கலாம். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெண் முதலில் எங்களிடம் பேசுவாள்: "செடுனாவிலிருந்து மிஸ்டர் கிறீன் அழைக்கிறார், ஏற்கிறீங்களா?" நாங்கள் "இல்லை" என்றால் இணைப்பு இல்லை. பில்லும் இல்லை. பில்லில் ஊர்ப் பெயர் விழுந்தால் பிறகு பொலிஸ் பார்த்துவிடும் என்பதுதான் கென்னின் பயம். ஆகவே ஒவ்வொரு காரும் குறித்த இடங்களிலிருந்து அழைக்கும், நான் ஏற்க மறுப்பேன். சொன்ன பெயர்தான் செய்தி. கிறீன் என்றால் எல்லாம் சுகம். பிறவுண் என்றால் கார் பழுதாகிவிட்டது, பிந்தும். பிளக் என்றால் பந்தயத்தை விட்டாயிற்று, திரும்பி வருகிறோம்.

"ஆபத்தெண்டால் என்ன பேர்?" என்று நான் கேட்டேன்.

ஜோய்ஸ் மேசைப் பலகையைத் தட்டினா. "அதுக்கு ஒரு பேரும் வைக்க வேண்டாம், சிவ். பேர் வைச்சால் வந்திடும்."

எங்கள் ஆட்களுக்குத்தான் சகுனம் பார்க்கிற வியாதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

3. வெள்ளிக்கிழமைத் தக்கை

செடுனா என்பது பாலைவனத்துக்கு இந்தப் பக்கத்துக் கடைசிப் பெரிய ஊர். அதைத் தாண்டினால் மாநில எல்லை வரைக்கும் அப்போது தார் கிடையாது. கிறவல் ரோடு, தோசைக்கல் அளவு குழிகள், பெற்றோல் அருமை. ஆகவே இரண்டு காருக்கும் பூட் என்கிற பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் மேலதிகமாக ஒரு பெரிய பெற்றோல் தாங்கி வைத்தோம். அதைப் பின் தாங்கி என்போம். பாரம் கூடாமல் செடுனா வரை அதை நிரப்பாமல் கொண்டுபோவது, அங்கே நிரப்பிக்கொண்டு பாலைக்குள் இறங்குவது என்று திட்டம்.

பெற்றோல் எவ்வளவு இருக்கிறதென்று காட்டுகிற கருவியைத் தாங்கியின் பக்கவாட்டில், பாதிக்கு மேலே, ஐந்து ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவது என் வேலை. அந்த இடத்தில் ஒழுகாமல் இருக்க நடுவில் ஒரு காஸ்கெற் வைக்க வேண்டும். கென் வாங்கச் சொன்னது பெற்றோலுக்கென்று வருகிற கறுப்பு றப்பர். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போனபோது கடையில் முடிந்துவிட்டது, திங்கள்தான் வரும் என்றார்கள். கார்கள் சனி காலை சிட்னிக்குப் புறப்பட வேண்டும்.

எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. கொழும்பில் லொறித் தாங்கிகளுக்கு நாங்கள் றப்பரைக் கண்டோமா? தக்கைத் தாளை வெட்டி, இரண்டு பக்கமும் அரக்குப் பூசி, காயவிட்டு இறுக்கினால் வருஷக்கணக்கில் ஒரு சொட்டு வராது. அப்படியே செய்தேன். இரவு முழுக்கப் பெற்றோல் நிரப்பி வைத்துவிட்டு விடியக் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

கென்னிடம் றப்பர் கிடைக்கவில்லை, தக்கை போட்டேன் என்று சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த நியாயம் தெரிந்திருக்கும்.

4. திங்கட்கிழமை

ஞாயிறு மத்தியானம் சிட்னியில் புறப்பட்டார்கள். ஒன்றாகப் போனால் கண்ணில் படும் என்று கென் முதலிலும் ஒஸ்வல்ட் இரண்டு மணித்தியாலம் பிந்தியும். திங்கள் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ரெலிபோன் அடித்தது.

"செடுனாவிலிருந்து மிஸ்டர் கிறீன். ஏற்கிறீங்களா?"

"இல்லை" என்றேன் சந்தோஷமாக. கென்னும் ஜோய்ஸும் செடுனாவுக்கு வந்தாயிற்று. இனி அவர்கள் அழைப்பது பாலையைக் கடந்து நோஸ்மன் என்ற ஊருக்குப் போன பிறகுதான். நடுவில் இருந்த தரிப்பிடங்களில் ரெலிபோன் இல்லை. பொலிஸுக்கு மட்டும் வானொலித் தொடர்பு இருந்தது.

பத்து மணிக்கு இரண்டாவது கிறீன் வந்தது, ஒஸ்வல்டும் செடுனாவுக்கு வந்தாயிற்று. பதினொரு மணிபோல் சார்ஜன்ற் வந்தார். அவருடைய கார் ஒன்று சான்றிதழுக்காக எங்களிடம் நின்றது. கடுதாசி எழுதி முடிய அரை மணித்தியாலம் எடுக்கும் என்றேன். பரவாயில்லை என்று ரெலிபோன் மேசைக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்துகொண்டார். தேத்தண்ணி கொடுத்தேன்.

"கென் எங்க?"

"மீன் பிடிக்கப் போயிட்டார்."

"ஜோய்ஸும் மீன் பிடிக்கிறவவோ?"

"ஓம், வலு ஆசை."

உண்மை சொல்லுகிற கடையில் நின்றுகொண்டு இப்படியெல்லாம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது.

"பெனோங்கிலிருந்து மிஸ்டர் ஒஸ்வல்ட். ஏற்கிறீங்களா?"

பெனோங் என்பது செடுனாவுக்கு அப்பால் நாற்பது, ஐம்பது மைலில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து அழைப்பதாக ஏற்பாடே இல்லை. கிறீனும் இல்லை, பிறவுணும் இல்லை, பிளக்கும் இல்லை. அவன் தன் சொந்தப் பெயரைச் சொல்லியிருந்தான். சார்ஜன்ற் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"ஆர்?"

"பிழையான நம்பர்."

திரும்பி வந்து சான்றிதழை எழுதத் தொடங்கினேன். காரின் நம்பரை இரண்டு தரம் பிழையாக எழுதினேன். பத்து நிமிஷம் போயிருக்கும். மறுபடி மணி அடித்தது. அதே பெண். இந்த முறை அவளுடைய குரலில் ஒரு தடுமாற்றம்.

"மன்னிக்க வேணும், இது கொஞ்சம் நீளமான பேர். அவர் எழுத்தெழுத்தாச் சொல்லித்தான் தந்தவர். சிலோன்காரராம். மிஸ்டர் தாங்கி... ஒழுகுது... கென்னை... நிறுத்து. ஏற்கிறீங்களா?"

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். பாவம், அவள் வாத்தியாரிடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"ஏற்கிறன்."

ஒஸ்வல்டின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது. "மச்சான், பூட் முழுக்கப் பெற்றோல். மணம் அடிச்சவுடன நிப்பாட்டித் திறந்து பாத்தம். காஸ்கெற் களி மாதிரிக் கையோட வருது. கென்னும் செடுனாவிலதான் பின் தாங்கியை நிரப்பினவர். அவருக்கும் இதேதான் ஒழுகிக்கொண்டிருக்கும்."

"அரக்குப் பெற்றோலில கரையாதடா. நான் விடிய விடிய வைச்சுப் பாத்தனான்."

ஒஸ்வல்ட் குரலைத் தாழ்த்தினான். "பின் தாங்கிக்குள்ள சிட்னியிலயே மெதனோல் ஊத்தினம். அந்தப் பக்கத்துப் பெற்றோல் தரமில்லையெண்டு, சக்திக்கு. உன்னட்டச் சொல்ல வேண்டாமெண்டு கென் சொன்னவர்."

அரக்கைப் பெற்றோல் தொடாது. ஆனால் மெதனோல் போன்ற மதுசார வகை எதுவும் அதைக் கரைத்துவிடும். தொழில் பழகுகிறவனுக்கும் தெரிந்த விஷயம். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அந்த மெதனோல் தாங்கிக்குள் ஆடி ஆடி என் அரக்கைத் தின்றிருக்கிறது. பிறகு அதற்குமேல் கலன் கணக்கில் பெற்றோல். பூட் பெட்டிக்குள்ளால் பின் லைற் வயர்கள் போகின்றன. போதாததற்கு கென் சுருட்டுக் குடிக்கிறவர்.

"அங்கத்தைப் பொலிஸிட்டச் சொன்னியா?"

"தேடினன். ஆள் எங்கயோ ஆட்டுப் பண்ணைக்குப் போயிட்டாராம், எப்ப வருவாரெண்டு தெரியாது. என்ர காரும் இனி அசையாது. மச்சான், உனக்குப் பக்கத்தில ஆரும் நிக்கினமா?"

"ஓம்."

"மறுகா, இனி நான் என்ன சொல்ல? நீ பாத்துச் செய்" என்றான். இணைப்பு விட்டுப்போயிற்று.

சார்ஜன்ற் கோப்பையைக் கீழே வைத்தார். "பிழையான நம்பரோட கனநேரம் கதைச்சாய்" என்றார்.

என் தலைக்குள் அப்போது ஓடியதைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். மனைவியின் பத்திரம் ஓடியது. அதில் கென்னின் கையெழுத்து இருக்கிறது. கென் பிடிபட்டால் பொலிஸ் வேலை போகும். பொலிஸ் வேலை போனால் கடை நிற்குமோ தெரியாது. கடை இல்லாவிட்டால் என் நிரந்தர வேலை எங்கே? குற்றத்துக்கு உடந்தை என்று என்னையும் சேர்த்து எழுதினால், இந்த நாடு என் பிள்ளையை உள்ளே விடுமா? இவ்வளவும் ஓடி முடிய, கடைசியில்தான் ஜோய்ஸின் முகம் வந்தது. என் பத்திரத்தை மூன்று பிரதி ரைப் பண்ணி, "உன்ர மகளுக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று கேட்டவ.

"சார்ஜன்ற், கென் மீன் பிடிக்கப் போகேல்ல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பந்தயத்தை, தாங்கியை, தக்கையை, அரக்கை. நடுவில் இங்கிலீஷ் தடுமாறியது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை கலன்?" சொன்னேன். அவர் எழும்பி எங்கள் ரெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார். முதலில் அடிலெய்ட், அங்கிருந்து எல்லைப் பக்கத்துப் பொலிஸ் நிலையம். காரின் நிறம், நம்பர், ஓட்டுகிறவர்களின் வயது எல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் சொன்னார்.

"கடைசியா ஒண்டு சொல்லுங்கோ" என்றேன். "நிப்பாட்டப் போறவர் சிகரட் பத்த வேண்டாம்."

அவர் அதையும் சொன்னார். ரெலிபோனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, "நீ சொன்னதை நான் எழுதத்தான் வேணும். விளங்குதோ?" என்று கேட்டார்.

"ஓம், விளங்குது."

பின்னேரம் வரைக்கும் அவர் போகவில்லை. சான்றிதழும் முடிந்து காரும் ஆயத்தமாக நின்றது. ஆனாலும் இருந்தார். நான் இரண்டாம் தரம் தேத்தண்ணி போட்டபோது சீனி போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்தார். மூன்று மணிக்குப் பிறகுதான் மறுமொழி வந்தது. கார் நின்றது, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். நான் வேர்க்‌ஷொப்பின் பின்பக்கம் போய் உருளைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன்.

5. எல்லைப் பக்கத்தில்

அங்கே நடந்ததை ஜோய்ஸ் பிறகு சொன்னா. அவதான் ஓட்டிக்கொண்டிருந்தாவாம். கென்னின் கணக்குப்படி அவர்கள் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பெற்றோல் மணம் அடித்தது உண்மைதான். ஆனால் நிரப்பும்போது சிந்தியிருக்கும் என்று கென் சொல்லிவிட்டார். யன்னலைத் திறந்தால் தூசி. ஆகவே மூடிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஜோய்ஸுக்குத் தலையிடி. இந்த மணத்துக்குள் சுருட்டுப் பத்தக் கூடாது என்று அவ சண்டை பிடித்ததால், கென் கோபத்தில் வாயில் வைத்தபடி பத்தாமல் இருந்தாராம். அந்த ஒரு புருஷன் பெண்சாதிச் சண்டை எத்தனை மைல் தூரம் அவர்களைக் காப்பாற்றியதோ.

ரோட்டுக்குக் குறுக்கே ஜீப்பை விட்டுவிட்டு ஒரு இளம் பொலிஸ்காரர் கையைக் காட்டியிருக்கிறார். கென் இறங்கியதும், "என்ன வேகத்தில வந்ததெண்டு உன்னால நிரூபிக்க ஏலாது. உன்ர ஸ்பீடோவுக்குச் சான்றிதழ் இருக்கோ?" என்று சண்டைக்குப் போயிருக்கிறார். பொலிஸ்காரர் பூட் மூடியைத் திறக்கச் சொன்னாராம். திறந்தார்கள். உள்ளே விரிப்பு ஊறி, உதிரிச் சக்கரத்தின் குழிக்குள் பெற்றோல் குளமாக நின்றது. கார் குலுங்கும்போது பின் லைற் வயர் ஒன்று உராய்ந்து உராய்ந்து தோல் போய் வெறும் செம்பாகக் கிடந்தது.

கென் அப்படியே ரோட்டோரத்தில் இருந்துவிட்டாராம். "அரை மணித்தியாலம் அந்த மனிசன் வாய் திறக்கேல்ல, சிவ். கலியாணம் கட்டி இருபத்தாறு வருஷத்தில அதுதான் முதல் தரம்" என்று ஜோய்ஸ் சிரித்தா. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

6. பிறகு

அவர்கள் திரும்பி வர ஒரு கிழமைக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பொலிஸ் வேலை எங்களை விட்டுப் போய்விட்டது. சார்ஜன்ற் தானே வந்து கடிதத்தைத் தந்தார். அன்று தேத்தண்ணி கேட்கவில்லை. நானாகப் போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

கென் வந்த அன்று என் விலகல் கடிதத்தை அவருடைய மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார்.

"றப்பர் கிடைக்கேல்ல எண்டு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் வேலை தெரியாதவன் எண்டு நினைப்பீங்கள் எண்டு பயம்."

அவர் தலையைத் தடவினார். "மெதனோல் ஊத்தினதை நானும் சொல்லேல்ல. சொன்னால் நீ வேண்டாமெண்டு சொல்லுவாய் எண்டு தெரியும்." பிறகு கடிதத்தின் பின்பக்கத்தில் அடுத்த கிழமை வேலைகளை எழுதத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான் விசாரணை.

லைசென்ஸ் போய்விட்டதால் கென்னையும் ஜோய்ஸையும் பல மாதம் நான்தான் காலையில் ஏற்றி வந்து பின்னேரம் வீட்டில் விட்டேன். கென் பக்கத்தில் இருந்துகொண்டு என் ஸ்பீடோ முள்ளையே பார்ப்பார். "ரண்டு மைல் கூடக் காட்டுது" என்பார். நான் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன். ரக்சிக் கொம்பனிகளின் வேலையைப் பிடித்து, கடை ஒருமாதிரி எழும்பி நின்றது. மனைவியும் மகளும் அடுத்த வருஷம் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு ஜோய்ஸ் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கம்பளிச் சட்டையோடு வந்திருந்தா.

கதையை இந்த இடத்தில் முடித்தால் எனக்கு நல்ல பெயர்தான். நெடுநாள் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். முதல் அழைப்பை ஏன் மறுத்தாய் என்று கேட்கிறவர்களுக்கு, "பழக்க தோஷம், 'இல்லை' எண்டு சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

அது பொய். ஒஸ்வல்டின் பெயரைக் கேட்டவுடனேயே எனக்கு விளங்கியது. சொந்தப் பெயரைச் சொல்கிறான் என்றால் ஏதோ பெரிய ஆபத்து. தெரிந்துகொண்டுதான் வெட்டினேன். சார்ஜன்ற் பார்த்துக்கொண்டிருந்தார், என் மனைவியின் பத்திரம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது, வெட்டினேன். பத்து நிமிஷம் அவனை அந்தரத்தில் விட்டுவிட்டுக் காரின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை ஒஸ்வல்டிடம் மட்டும் சொன்னேன். அவன் திரும்பி வந்த கிழமையே, வேர்க்‌ஷொப் பின்பக்கத்தில், அவன் தாங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "மச்சான், நீ எண்டு தெரிஞ்சுதான் வெட்டினனான்."

அவன் ஸ்பனரைக் கீழே வைக்கவில்லை. "எனக்கும் தெரியும்" என்றான். "பக்கத்தில ஆரோ நிக்கினம், நீ பயந்திட்டாய் எண்டு அப்பவே விளங்கிற்று. பயந்தவனோட கோவிச்சுக்கொண்டு நிண்டால் அங்கால ரண்டு பேர் எரிஞ்சு போவினம். அதுதான், நீ ரண்டாம் தரமும் வெட்டினாலும் உனக்கு விளங்கட்டும் எண்டு முழுச் செய்தியையும் பேராக்கிக் குடுத்தன்."

நான் மறுபடியும் கைவிடுவேன் என்று கணக்குப் போட்டு, அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறான். அதற்காக என்னை ஒரு சொல் குறைவாகச் சொல்லவில்லை.

நாற்பது வருஷம் வேலை செய்தேன். கடைசிப் பதினைந்து வருஷம் எனக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள். பிழை விடாத வேலையாளை நான் கண்டதில்லை. பயப்படாத வேலையாளையும் கண்டதில்லை. என்னிடம் வேலை செய்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன்: பயம் வந்து நீ ஒருமுறை பேசாமல் இருந்துவிட்டால், அத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. நான் இரண்டாம் தரமும் கேட்பேன்.